அடுத்த சுற்றுக்கு மிச்சம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. தானா ராத்தாவில் என் சாப்பாட்டு மேசைமேல் ஒரு பல்லாங்குழிப் பலகை விரித்திருக்கிறது. கிள்ளானில் என் மகள் வீட்டு மேசைமேல் இன்னொன்று. இரண்டிலும் 14 குழி, குழிக்கு ஐந்தாக 70 புளியங்கொட்டை. நடுவில் மலையும் நெடுஞ்சாலையும்.

“அம்மாயி, என்னோட மூணாவது குழி. எடுத்துட்டேன்.”

கைப்பேசியிலிருந்து பேரனின் குரல் வருகிறது. நானும் என் பலகையில் அவன் பக்கத்து மூன்றாம் குழியை அள்ளுகிறேன். அவன் அங்கே ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போக, அதே ஆட்டத்தை நான் இங்கே அவனுக்காகப் போடுகிறேன். கடைசிக் கொட்டை விழுந்ததும் அடுத்த குழியை எடுக்க வேண்டும். அடுத்தது வெறுங்குழி என்றால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை அவன் வாரிக்கொள்வான். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு. குழிக்கு உடையவர் எடுத்துக்கொள்ளலாம்.

சில நாள் கணக்கு பிசகும். “அம்மாயி, உங்க ஆறாவது குழியில எத்தன?” என்பான். “அஞ்சு” என்பேன். “எனக்கு நாலுதான் வருது.” யார் கை தவறியது என்று இருவரும் பின்னோக்கிப் போய்த் தேடுவோம். அந்தத் தேடலில் அவன் வகுப்புச் சண்டை, புதுச் செருப்பு, காய்ச்சல் வந்த நண்பன் எல்லாம் வெளியே வரும்.

பதினொரு மணிக்கு ஆட்டத்தை நிறுத்துவோம். முடியாத ஆட்டத்தின்மேல் இரண்டு வீட்டிலும் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவோம். யார் ஜெயிப்பார் என்று தெரியாமல் ஒரு வாரம் போகும். எனக்கு வேண்டியது அந்த ஒரு வாரம்தான்.

*

எனக்கு 72 வயது. தமிழ்ப்பள்ளியில் 30 ஆண்டுக்கு மேல் பாடம் நடத்தினேன். அதில் பாதிக்கு மேல் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு. தானா ராத்தா என்றால் மலாயில் சமதரை என்று பொருள். கடல்மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், மலைகளுக்கு நடுவில் கிடைத்த சிறு சமதரை. ஆனால் என் வீட்டு வாசலுக்கு மூன்று படி. பின்கட்டுக்கு இரண்டு.

2017-இல், மழை விட்ட ஒரு மாலையில், பாசி பிடித்திருந்த பின்கட்டுப் படியில் வழுக்கி விழுந்தேன். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை நடந்தது. முழங்கால் மூட்டுகள் அதற்கு முன்பே தேய்ந்திருந்தன. இப்போது வீட்டுக்குள் வாக்கர், வெளியே சக்கர நாற்காலி. தாப்பாவிலிருந்து இங்கே ஏறிவரும் 60 கிலோமீட்டர்ப் பாதை முழுக்க வளைவுதான். அதில் இறங்கி, பிறகு நெடுஞ்சாலையில் கிள்ளான் வரை உட்கார்ந்து போக என் இடுப்பு இடங்கொடுக்கவில்லை. இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இரண்டு முறையும் போன இடத்தில் பேரப்பிள்ளைகளோடு இருந்ததைவிடப் படுக்கையோடு இருந்ததே அதிகம்.

மகளுக்கு இரண்டு பிள்ளைகள்: 14 வயதுப் பேத்தி, 11 வயதுப் பேரன். ஜொகூர் பாருவில் இருக்கும் மகனுக்கு ஆறு வயதில் ஒருவன். கிள்ளான் பிள்ளைகளுக்கு நான் அம்மாயி, ஜொகூர்க்காரனுக்கு அப்பாயி. பள்ளி விடுமுறையில் அவர்கள் வந்து தங்குவதையெல்லாம் கூட்டினால் ஆண்டுக்கு 20 நாள் தேறும். மீதி 345 நாளும் நான் என்ன செய்கிறேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தொலைவிலிருந்தே பாட்டியாக இருப்பது எனக்குக் கைவந்த தொழிலாக ஆக எட்டு ஆண்டு பிடித்தது.

*

தொடக்கத்தில் எல்லாவற்றையும் தவறாகச் செய்தேன். நாள் கணக்கில் காத்திருந்து கூப்பிட்டதும் முதல் வார்த்தை, “ஏன் அம்மாயி நெனப்பே வரலியா?” அடுத்தது, “சாப்பிட்டியா? பரீட்சை எப்படி?” அதற்கடுத்தது என் வலி. அப்போது பேத்திக்கு ஆறு வயது. “சாப்ட்டேன்”, “ஓகே”, “ம்” என்று மூன்று பதில் சொல்லிவிட்டு அம்மாவிடம் கைப்பேசியைக் கொடுத்துவிடுவாள். சில மாதம் கழித்து, என் பெயர் திரையில் வந்தாலே அவள் குளியலறைக்குள் போய்விடுகிறாள் என்று மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. அழுதேன். பிறகு ஆசிரியையாக யோசித்தேன். ஒரு பிள்ளை வகுப்பை விட்டு ஓடினால் பிள்ளையைக் குறை சொல்வதற்கு முன் பாடத்தைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை இளம் ஆசிரியைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்! அந்தப் பிள்ளைக்கு என்னோடு செய்ய ஒரு வேலையும் நான் கொடுத்திருக்கவில்லை. கேள்விக்குப் பதில் சொல்வது மட்டுமே அவள் பங்கு. அது விசாரணை. அதில் யாருக்குத்தான் மனம் ஒட்டும்?

விடை என் அம்மாவிடம் கிடைத்தது. அவர் உயிரோடு இல்லை. அவர் சொன்னது இருந்தது.

1885-இல் வில்லியம் கேமரன் இந்த மலையை அளக்க வந்தார், 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இங்கே தேயிலை போடத் தொடங்கினார். காட்டை வெட்டிச் சரிவில் செடி வைத்தவர்களில் எங்கள் ஆட்கள் ஏராளம். நான் பிறந்தது ரிங்லெட் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில். அம்மா கொழுந்து எடுத்தவர். கூடைக் கயிறு நெற்றியில் பதிந்த தடம் அவருக்குச் சாகும்வரை இருந்தது. பள்ளி இல்லாத நாளில் நானும் நிரையில் கூடப் போவேன். ஒருநாள் கை வேகத்தில், கண்ணில் பட்ட இலையையெல்லாம் உருவிக் கூடையில் போட்டேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

“ரெண்டு எல, ஒரு மொட்டு. மத்தது செடியோடது. இன்னைக்கே எல்லாத்தயும் எடுத்துட்டா அடுத்த சுத்துக்கு என்னா இருக்கும்?”

தேயிலைக்காரர்களுக்குச் சுற்று என்பது பெரிய சொல். கையால் எடுத்த காலத்தில் வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை அதே நிரைக்குத் திரும்பி வருவார்கள். இப்போது கத்தரியாலும், இருவர் பிடிக்கும் இயந்திரத்தாலும் வெட்டுவதால் ஏறக்குறைய மூன்று வாரம். சுற்று தவறினால் கொழுந்து முற்றிப்போகும். முற்றியதை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தளிருக்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே கொழுந்து எடுக்கிறவருக்கு இரண்டு கடமை. குறித்த நாளில் வர வேண்டும். வந்தால் மிச்சம் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

பேரப்பிள்ளை விஷயத்தில் நான் இரண்டையும் செய்யவில்லை. நினைத்தபோது கூப்பிட்டேன், கூப்பிட்டபோது ஒரேயடியாக உருவப் பார்த்தேன்.

*

முதலில் நாளைக் குறித்தேன். பேரனுக்கு ஞாயிறு பத்து மணி. ஜொகூர்க் குட்டிக்குப் புதன் மாலை ஆறு. பேத்திக்கு மாதம் இரண்டு கடிதம். நேரம் முடிந்தால், பேச்சு சுவையாக இருக்கும்போதே நிறுத்துவேன். ஒன்றாம் ஆண்டு வகுப்பில் நான் கடைப்பிடித்த வழக்கம் அது. மணி அடிக்கும்போது கதையில் நரி கிணற்றின் விளிம்பில் நிற்க வேண்டும். மறுநாள் காலை பிள்ளைகள் பையை இறக்கி வைப்பதற்கு முன்பே, “டீச்சர், நரி விழுந்துச்சா?” என்று வந்து நிற்பார்கள்.

வலி அதிகமான நாளும் வரும். அன்று பேச முடியாது. அதற்கு ஓர் அடையாளம் வைத்துக்கொண்டோம். தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்துப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புவேன். ‘இன்று முடியவில்லை, பயப்பட ஒன்றுமில்லை, நாளைக்குக் கூப்பிடுவேன்’ என்று அதற்குப் பொருள். அவர்களும் அதையே அனுப்பலாம். பரீட்சை இருக்கும், விளையாட்டுப் பயிற்சி இருக்கும், பேசப் பிடிக்காத மனநிலைகூட இருக்கும். கவிழ்த்த கோப்பைக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. சுற்று தவறியதற்காகச் செடியைத் திட்டுகிறவர் உண்டா?

இரண்டாவதாக, கைப்பேசியில் முகத்தைக் காட்டுவதை விட்டுவிட்டு என் கையைக் காட்டத் தொடங்கினேன். நான் கண்டுகொண்டதில் மிகப் பயன்பட்டது இதுதான். முகத்துக்கு நேரே முகம் வைத்துப் பேசினால் பிள்ளைகளுக்கு மூன்று நிமிடத்தில் பேச்சு வற்றிவிடும். 20 வெள்ளி கொடுத்து ஒரு தாங்கி வாங்கி, மேசையில் என் கை மட்டும் தெரியும்படி கைப்பேசியைச் சாய்த்து நிறுத்தினேன். பூண்டு உரிப்பேன், பூத்தொடுப்பேன், காகிதக் கப்பல் மடிப்பேன். அங்கே அவர்களும் எதையாவது செய்துகொண்டிருப்பார்கள். வேலை நடந்துகொண்டே இருக்கும். பேச்சு தானாக வரும், போகும். மௌனம் வந்தாலும் யாருக்கும் சங்கடம் இல்லை. அடுக்களையில் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்திருப்பது போலத்தான்.

குனிந்து வாசலில் கோலம் போட என்னால் இனி ஆகாது. ஆகவே எவர்சில்வர்த் தட்டில் அரிசி மாவைப் பரப்பி, விரலால் ஏழு புள்ளிச் சிக்குக் கோலம் இழுக்கிறேன். ஜொகூர்க் குட்டி தன் தட்டில் அதையே இழுக்கிறான். கடைசி இழையை நான் போட மாட்டேன். “இது எங்கேருந்து எங்கே போய்ச் சேரணும்னு யோசிச்சு வை. புதன்கிழமை சொல்லு.” அவன் தாய் சொல்வாள், அந்தத் தட்டை யாரும் அசைக்கக் கூடாதென்று அலமாரிமேல் வைத்துக் காவல் காக்கிறானாம்.

இவன் 2019-இல் பிறந்தவன். 2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. கைக்குழந்தைக்குத் திரை கூடாது என்று மகன் தயங்கினான். தயக்கம் நியாயமானதே. ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே, 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையைத் தவிர்க்கச் சொன்னபோது, குடும்பத்தாரோடு முகம் பார்த்துப் பேசும் காணொளி அழைப்பை மட்டும் விலக்கி வைத்தது. பதிவு செய்த படம் குழந்தைக்குப் பதில் சொல்லாது, பாட்டி சொல்வாள். அவன் ‘ஆ’ என்றால் நானும் ‘ஆ’ என்பேன். அவன் கை தட்டினால் நானும் தட்டுவேன். அந்த ஆண்டு நாங்கள் பேசியதெல்லாம் அவ்வளவுதான். ஆனால் மாநில எல்லைகள் திறந்து, 2021 தீபாவளிக்கு முதன்முறையாக வந்து இறங்கியபோது, அவன் என் முகத்தை ஒரு கணம் பார்த்தான். பிறகு குனிந்து என் கையைப் பார்த்தான். சிரித்துக்கொண்டே கை தட்டினான்.

*

பேத்திக்குக் கடிதம் எழுதுவது ஏன் என்று சொல்ல வேண்டும். 12 வயது தாண்டியதும் அவளுக்குத் தொலைபேசிப் பேச்சு பிடிக்காமல் போனது. அது இயல்பு. அந்த வயதில் நம்மைத் தனியாக விடவும் வேண்டும், மறந்துவிடவும் கூடாது. கடிதம் அவளிடம் உடனே பதில் கேட்பதில்லை. பையில் கிடக்கும். வேண்டியபோது எடுப்பாள்.

1930-இல் நைனிச் சிறையில் இருந்த நேரு, மகள் இந்திராவின் பதின்மூன்றாம் பிறந்தநாளுக்குப் பரிசாக அனுப்பக் கையில் வேறொன்றும் இல்லாததால் கடிதம் எழுதத் தொடங்கினார். 1933 வரை கிட்டத்தட்ட 200 கடிதம். அவையே உலக வரலாற்று நூலாயின. எனக்கு உலக வரலாறு தெரியாது. இந்த மலை தெரியும். அதைத்தான் எழுதுகிறேன். ஒரு கடிதம் ஒரே தாள். ஒரு கதை, அதுவும் பாதி.

கடந்த ஆண்டு ஜிம் தாம்ப்சன் கதையை ஐந்து கடிதமாக எழுதினேன். தாய்லாந்துப் பட்டை உலகம் முழுக்கக் கொண்டுபோன அமெரிக்கர் அவர். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. நண்பர்களோடு இங்கே ஒரு பங்களாவில் தங்கியிருந்தவர், பிற்பகலில் உலாவப் போனார். திரும்பவே இல்லை. அப்போது எனக்கும் 14 வயது. போலீஸ், இராணுவம், காட்டை உள்ளங்கையாக அறிந்த பூர்வகுடிகள் என்று நூற்றுக்கணக்கானவர் தேடியதும், நாங்கள் லயத்து வாசலில் நின்று வேடிக்கை பார்த்ததும், பொழுது சாய்ந்தால் அம்மா எங்களை வெளியே விடாததும் நினைவிருக்கிறது. ஒரு தடயமும் கிடைக்கவில்லை. இன்றுவரை விடை இல்லாத கதை. மூன்றாம் கடிதத்தில், அவர் பங்களாவை விட்டு இறங்கும் இடத்தில் நிறுத்தினேன். நான்கு நாள் கழித்துக் கைப்பேசியில் ஒரே வரி வந்தது. “அம்மாயி, பிறகு என்ன ஆச்சு?”

அந்த ஒரு வரிக்காக எத்தனை தாள் வேண்டுமானாலும் எழுதலாம்.

இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு அவள் தமிழ் வாசிப்பது குறைந்துவிட்டது. எனக்காக எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். நானும் வாக்கியத்தைச் சின்னதாக வைக்கிறேன். எழுத்தைப் பெரிதாகப் போடுகிறேன்.

நடுநடுவே குடும்பக் கதை. அமெரிக்காவில் எமோரி பல்கலைக்கழகத்தின் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் என்ற இருவர், ‘உனக்குத் தெரியுமா?’ என்று 20 கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். உன் தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள் என்பது போன்ற கேள்விகள். குடும்பக் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தங்கள்மேல் நம்பிக்கை அதிகம் இருப்பதைக் கண்டார்கள். விடைகளை மனப்பாடம் செய்து கொடுத்தால் அது வந்துவிடாது, சேர்ந்து உட்கார்ந்து சொல்லிக் கேட்டு வளர்வதில்தான் விஷயம் இருக்கிறது என்றும் அவர்களே எச்சரித்தார்கள். ஆசிரியையாக எனக்கு இதில் வியப்பில்லை. வகுப்பில் தங்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்ல வெட்கப்பட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்தத் தோட்டத்தில் தன் பாட்டன் எந்தச் சரிவில் செடி வைத்தான் என்று தெரிந்த பிள்ளை நிமிர்ந்து சொல்லும்.

*

என் உடம்பைப் பற்றிய உண்மையையும் நெடுநாள் மறைத்தேன். காணொளியில் வாக்கர் தெரியாதபடி திரையைத் திருப்பி வைப்பேன். குட்டி இங்கே வந்து முதன்முதலில் அதைப் பார்த்தபோது, இரும்புக் கால்களோடு பாட்டி நடந்து வருவதைக் கண்டு மிரண்டு அழுதான். தவறு என்னுடையது. அன்றே அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, வாக்கரை மடக்கி விரித்துக் காட்டினேன். எங்கே எலும்பு ஒடிந்தது, உள்ளே எப்படி உலோகம் வைத்து இணைத்தார்கள், எது வலிக்கும், எது வலிக்காது, எப்போது ஓடிவந்து கட்டிப்பிடிக்கலாம், எப்போது மெதுவாக வர வேண்டும் என்று எல்லாம் சொன்னேன். பிள்ளைகளுக்கு உண்மை பாரமாக இருப்பதில்லை. நாம் மூடி வைப்பதுதான் பூதமாகிறது. அவன் வாக்கரின் கைப்பிடியில் ஒரு சிறு மணியைக் கட்டிவிட்டுப் போனான். இன்றும் நான் நடந்தால் மணி ஒலிக்கிறது.

பேரன் செய்தது இன்னும் பெரிது. வாசல் படிகளுக்குச் சாய்தளம் போட முடிவானபோது, கணக்கை அவனிடம் விட்டேன். உண்மையாகவே விட்டேன், பொழுதுபோக்குக்கு இல்லை. பிள்ளைகளுக்கு அந்த வேறுபாடு உடனே தெரியும். சக்கர நாற்காலிக்கு 12-க்கு 1 என்ற சரிவு வேண்டும். ஒரு சென்டிமீட்டர் ஏற 12 சென்டிமீட்டர் ஓட வேண்டும். மூன்று படி, படிக்கு 15 சென்டிமீட்டர், ஆக 45. பன்னிரண்டால் பெருக்கினால் 540 சென்டிமீட்டர். ஆனால் படிக்கும் வெளிக்கதவுக்கும் நடுவில் இருப்பதோ 400. இரண்டு ஞாயிறு பல்லாங்குழியை மூடி வைத்துவிட்டு இதைப் பேசினோம். மூன்றாம் ஞாயிறு அவன் கத்தினான், “அம்மாயி, தாப்பா ரோட்டு மாதிரி வளைச்சிடலாம்!”

அப்படியே ஆயிற்று. 270 சென்டிமீட்டர் ஏற்றம், நாற்காலி திரும்ப ஒரு சமதளம், மறுபடி 270. மழையில் சறுக்காமலிருக்க, ஈரச் சிமெண்டில் துடைப்பத்தால் குறுக்குக் கோடு இழுத்தார் கொத்தனார். இரு பக்கமும் கைப்பிடி. அவன் அதோடு விடவில்லை. தாப்பாச் சாலை 60 கிலோமீட்டரில் ஏறக்குறைய 1,400 மீட்டர் ஏறுகிறது. வகுத்துப் பார்த்தால் சராசரியாக 40 மீட்டருக்கு மேல் ஓடித்தான் ஒரு மீட்டர் ஏறுகிறது. நம் வீட்டுச் சாய்தளம் இந்த மலையைவிடச் செங்குத்து என்று கண்டுபிடித்து, வகுப்பில் சொல்லிவிட்டு வந்தான். அவன் போட்ட கணக்கில்தான் நான் தினமும் வெயிலுக்குப் போய்வருகிறேன். அவனிடமும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

விடுமுறையில் அவர்கள் வரும்போது, என்னால் போக முடியாத இடத்துக்கு அவர்களை அனுப்புகிறேன். “சாலையோரத் தேயிலைச் சரிவுல மூணாவது நிரைக்குப் போ. செடி உன் இடுப்புக்கு வருதா, நெஞ்சுக்கு வருதான்னு பாத்துட்டு வா.” அவர்கள் திரும்பி வந்து சொல்லும்போது நான் அந்தச் சரிவில் நிற்கிறேன். ஒரு விடுகதையும் போடுவேன். நூறு வயதானாலும் இடுப்புக்கு மேலே வளர விடாத பிள்ளை யார்? தேயிலைச் செடி. விட்டால் மரமாகிவிடும், வெட்டி வெட்டித்தான் செடியாக வைத்திருக்கிறோம். இப்போது அவர்களே புதிது புதிதாக விடுகதை கட்டிக்கொண்டு வருகிறார்கள். விடையை மட்டும் உடனே சொல்வதில்லை.

*

போக முடியாமை என் காலில் தொடங்கியது என்று நினைத்திருந்தேன். இல்லை. அது எங்கள் குடும்பத்தின் பரம்பரைச் சொத்து.

என் அப்பாவைப் பெற்ற அப்பாயி திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தார். கால் நன்றாக இருந்தது, காசு இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ரஜுலா கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம். அந்தக் கடலை அவர் தாண்டவே இல்லை. எங்களைப் பார்க்காமலே 1971-இல் போய்ச் சேர்ந்தார். எழுதத் தெரியாது. ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதிக் கொடுக்கும் கடிதத்தில், ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் ஒன்றைக் கேட்பார்: பிள்ளைகளின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து அனுப்பவும்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, அம்மா எங்களைச் சிமெண்டுத் தரையில் வரிசையாக நிறுத்துவார். காகிதத்தின்மேல் காலை வைத்து, பென்சிலால் சுற்றி வரைவார். விரலிடுக்கில் பென்சில் போகும்போது கூசும். மறு கடிதத்தில் அப்பாயி ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லியிருப்பார்: பெரியவனுக்கு இரண்டு விரற்கடை வளர்ந்திருக்கிறது, சின்னவளுக்குக் கட்டைவிரல் என்னைப் போல. முகம் பார்க்காத ஒருவர் எங்கள் வளர்ச்சியை விரலால் அளந்து வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு, பெட்டியில் அந்தக் காகிதங்களெல்லாம் ஆண்டுவாரியாக அடுக்கி நூலால் கட்டியிருந்ததாகச் செய்தி வந்தது.

இப்போது இந்தச் சரிவுகளில் வெட்டுகிறவர்களில் பலர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்த இளைஞர்கள். ஞாயிற்றுக்கிழமை என் நாற்காலி சாலையோரம் நிற்கும்போது பார்ப்பேன். கல்மேல் உட்கார்ந்து, கைப்பேசியைக் கன்னத்துக்கு நேரே பிடித்து, எங்கோ இருக்கும் குழந்தைக்குத் தேயிலைச் செடியைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். நல்ல கால்கள்தாம். மலை ஏறி இறங்கும் கால்கள். அவர்களாலும் போக முடியவில்லை. அப்பாயி, நான், இந்தப் பையன்கள் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்கிறோம்.

எல்லை மூடிக் கிடந்த 2020-இல் அப்பாயியின் வழக்கத்தை மீண்டும் எடுத்தேன். பேரப்பிள்ளைகளின் பாதத்தை வரைந்து அனுப்பச் சொன்னேன். ஆண்டுக்கு ஒன்று. என் அலமாரியில் மூன்று கட்டு இருக்கிறது. பேத்தியின் கால் என் காலைத் தாண்டிவிட்டது.

சென்ற பள்ளி விடுமுறையின் கடைசி நாள், ஜொகூர்க் குட்டி அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். “அப்பாயி, உங்க கால் எங்கே?” என்று கேட்டான். அம்மாவுக்குப் பிறகு என் காலை யாரும் வரைந்ததில்லை. என்னால் குனிந்து வரையவும் முடியாது. அவனே பென்சிலை எடுத்துக்கொண்டு நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்தான். வீங்கிய இடது பாதத்தை இரண்டு கையாலும் தூக்கிக் காகிதத்தின்மேல் வைத்தான். மெதுவாக, நாக்கை நீட்டிக்கொண்டு, சுற்றி வரைந்தான். விரலிடுக்கில் பென்சில் போனபோது கூசியது. ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று அந்தக் கூச்சம் கண்டு.

வெளியே கார் தயாராக இருந்தது. “வலது காலும் வரையலாம், இன்னும் நேரம் இருக்கு” என்றேன்.

அவன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“அது அடுத்த லீவுக்கு, அப்பாயி.”